ஃபுல் டேங்க்

முள் பாதிக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. அது அவ்வளவு இறங்கியிருக்கக் கூடாது என்பது தண்டபாணியின் கட்சி. காலையில் காளப்பட்டியில் இந்த வாடகைக் காரை எடுக்கும்போது முள் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றதை அவரே குனிந்து பார்த்திருக்கிறார். வாடகைக் கம்பெனியின் ஃபெலிக்ஸ் அதைப் போட்டோ வேறு எடுத்துக்கொண்டார். ஃபுல் டேங்கா தர்றோம் சார், ஃபுல் டேங்கா திரும்பி வரணும், ஒரு கோடு குறைஞ்சாலும் நாங்களே ஊத்திக்குவோம், பெட்ரோலுக்குத் தனி, ஊத்திவிடற கட்டணம் தனி என்று ஒப்பித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். அதெல்லாம் சரி. கட்டணம் கட்டினால் குடியா முழுகிவிடும், அதற்காகத் தண்டபாணி சின்னியம்பாளையம் பங்க்கில் வரிசையில் நிற்கவில்லை. அந்த முள் அப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நிற்கிறார். தாராபுரத்துக்குப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சொந்த வண்டி என்றால் கால் டேங்க் குடித்திருக்கும், அதுவும் ஏசி போட்டால். இதில் வரும்போது ஏசி போடவே இல்லை. போட வேண்டியிருக்கவில்லை. வெளியே பல்லடத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது, கண்ணாடியில் கையை வைத்தால் கூசுகிறது. புது வண்டி, நல்ல கண்ணாடி, அப்படித்தான் இருக்கும் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே இடது பக்கம் திரும்பாமல் இருந்தார். இடது பக்கம் காலி சீட்டு. காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட் மாட்டியிருக்கிறது. மாட்டியவர் அவர்தான்.

வாடகைக் கார் எடுக்கும் ஆளா தண்டபாணி? வீட்டில் சொந்தக் கார் முந்தாநாள் கழுவிப் பொட்டு வைத்து நிற்கிறது. அதனால்தான். மகள் மிருதுளாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. வயிறு இறங்கிவிட்டது, இன்னும் ஒரு வாரம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து சுலோச்சனா வீட்டைச் சுற்றிக் கோடு கிழித்துவிட்டாள். எழவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். எழவுச் சேதிகூட வீட்டுக்குள் பேசக் கூடாது. புள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி, அதில் கண்டதையும் ஏற்றாதீங்க என்று அவரிடம் தனியாக வேறு சொன்னாள். தண்டபாணி நூல் மில் மேனேஜர், ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிறவர், இதைக் கேட்டுச் சிரித்தார். அடுத்த நாள் விடியலில் நாச்சிமுத்துவின் மச்சான் போன் பண்ணி, மாமா போயிட்டாருங்க, தூக்கத்துலயே, என்றதும் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நாச்சிமுத்துவுக்குப் போகாமல் இருக்க முடியாது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவன். இவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் சொந்தக் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்த, சிரித்த அந்த ஆளுக்கே தைரியம் வரவில்லை. திருப்பூரில் ஆடிட்டிங், மில் வண்டியில் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஆட்டோவில் காளப்பட்டி போய் இதை எடுத்தார். திரும்பி வரும்போது பல்லடம் பஸ் ஸ்டாண்டுக் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கொண்டுபோன மாற்றுத் துணியை உடுத்திக்கொண்டு, பழையதை அங்கேயே குப்பைக்கூடையில் போட்டாயிற்று. ஒரு தூசு ஒட்டாமல் வந்தாயிற்று. அந்த ஒரு சொல்லைத் தவிர.

சொல் என்ன பெரிய சொல், எல்லாரும் நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறதுதான். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வந்த சுவடு தெரியாமல் போய்விட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தண்டபாணிக்கும் தெரியும். ஆனால் ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் நாச்சிமுத்து ஒரு பக்க மீசை தூக்கிக்கொண்டு, எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியவன்போலப் படுத்திருந்தான். தாடைக்கட்டு சரியாகக் கட்டவில்லை. நாற்பது வருஷமாக அந்த முகத்திடம் விடைபெறும்போதெல்லாம் சொன்ன சொல் தானாக நாக்கில் வந்து நின்றது. கண்ணாடியில் லேசாகத் தட்டி, "வர்றன்டா நாச்சி" என்றார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற கிருஷ்ணவேணி, கட்டிய புருஷனைப் பறிகொடுத்தவள், அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கோபமில்லை, இரக்கம் மாதிரி ஒரு பார்வை. அப்போதுதான் அந்தப் பதிலும் வந்தது. "வா" என்று. சத்தமாக இல்லை, சாவகாசமாக. நாச்சிமுத்து எப்போதும் சொல்கிற மாதிரி, மேலே ஒரு எழுத்து கீழே ஒரு எழுத்து இல்லாமல், "வா." கூட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டிருப்பார்கள். நாயைக் கூப்பிட்டிருப்பார்கள். சங்கு ஊதுகிற ஆள் மேளக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். நூறு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தர் வா என்று சொல்வது ஒரு அதிசயமா? இல்லை. ஆனால் அந்த நூறு பேரில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லையே. தண்டபாணி செருப்பைத் தேடினார், ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்க நெடுநேரம் ஆயிற்று. காரை எடுத்து, தோட்டத்து மண் பாதையிலிருந்து தார் ரோட்டில் ஏற்றினதும் டிங் டிங் டிங் என்று ஆரம்பித்தது. அவர் பெல்ட் போட்டிருந்தார். பக்கத்து சீட்டுப் படம் டாஷ்போர்டுப் பலகையில் சிவப்பாக எரிந்தது. அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று வண்டி புகார் சொல்கிறது. ஓரம் கட்டி, சீட்டைத் தட்டிப் பார்த்தார், கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், தண்ணி பாட்டிலைக்கூட எடுத்துப் பின்னால் போட்டார். டிங் டிங் டிங். காலையில் போகும்போது ஒரு சத்தம் இல்லை. கடைசியில் கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து, காலியான இடத்தைச் சுற்றிக் கட்டி மாட்டினார். சத்தம் நின்றது. நின்றதுதான் அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு ஆளை உட்காரவைத்துக் கட்டியதுபோல் ஆகிவிட்டது.

அப்புறம் முள் இறங்க ஆரம்பித்தது. ஒரு ஆள் கூட ஏறினால் அரை டேங்க் குடிக்குமா ஒரு வண்டி? குடிக்காது. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சிரிப்பான். அளவு காட்டுகிற கருவியில் கோளாறு, சீட்டுக்கடியில் இருக்கிற கருவியில் கோளாறு, ஒரே வண்டியில் இரண்டு கோளாறு இருக்கக் கூடாதா? இருக்கலாம், ஃபெலிக்ஸிடம் சொல்லி உண்டு இல்லை என்று பண்ண வேண்டும் என்று பொங்கலூர் வரைக்கும் கோபப்பட்டுக்கொண்டு வந்தார். கோபம் நல்ல துணை. ஆனால் எவ்வளவு நேரம் கூட வரும்? அவர் பயந்தது கோளாறுக்கு அல்ல. இந்த வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, குளித்த தலையோடு வீட்டுப் படி ஏறுவார். ஏறும்போது பின்னால் யாராவது ஏறினால்? உள்ளே அந்தப் பிள்ளை வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும். அப்பா வந்துட்டியா என்று கேட்கும். வந்துவிட்டேன் என்று அவர் எந்த வாயால் சொல்வார்? வருகிறேன் என்று அங்கே சொல்லிவிட்டு வந்த வாய் அது. ஒன்று அவர் அங்கே போக வேண்டும், இல்லையென்றால் கூப்பிட்டவன் இங்கே வர வேண்டும், சொன்ன சொல் அந்தரத்தில் நிற்காது. சீ, என்ன நினைப்பு இது. செத்துப்போனவன் நாச்சிமுத்து. அவன் யாருக்கு என்ன கெடுதல் செய்வான்?

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. பங்க்கில் நீலச் சட்டை போட்ட அம்மாள் மூடியைத் திறந்து, ஃபுல்லுங்களா, ஜீரோ பாத்துக்குங்க என்றாள். தண்டபாணி ஜீரோவைப் பார்த்தார். நாச்சிமுத்து ஒருநாளும் ஃபுல் போட்டதில்லை. அவனுடைய பழைய பியட்டில் முள் எப்போதும் அடியில் சுருண்டு கிடக்கும். ஐம்பது ரூபாய்க்குப் போடுங்க என்பான், டேங்க் நிறையப் போட்டு நான் யாருக்குச் சேத்துவைக்கறது என்பான். அந்தக் கஞ்சத்தனம் ஒருநாள் மானத்தை வாங்கியது. மிருதுளா பிறந்த நாள். சுலோச்சனாவுக்கு வலி எடுத்து, அவனுடைய பியட்டில் ஏற்றிக்கொண்டு போனபோது சிங்காநல்லூர் குளத்து ஓரம் வண்டி இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. பெட்ரோல் காலி. உள்ளே சுலோச்சனா கத்துகிறாள். வெளியே இவரும் அவனும் தள்ளுகிறார்கள். தண்டபாணி அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார், அவன் தள்ளிக்கொண்டே சிரிக்கிறான், மூச்சு வாங்கச் சிரிக்கிறான். ஆஸ்பத்திரி வாசல் வரை தள்ளியே போய்ச் சேர்ந்தார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது அவன் சட்டையெல்லாம் வேர்வையாக நின்றான். அதன் உள்ளங்காலைத் தொட்டு ஒரு வாக்குக் கொடுத்தான். "இந்தப் புள்ள பிரசவத்துக்கு நான்தான்டா வண்டி ஓட்டுவேன். அன்னைக்கு ஃபுல் டேங்க்." இந்த முப்பது வருஷத்தில் அதை எத்தனை முறை சொல்லியிருப்பான். கல்யாணப் பந்தியில் சொன்னான். போன மாசம் போனில்கூடச் சொன்னான், நாள் நெருங்கினாக் கூப்புடு, வந்துருவேன் என்றான். குழாய் டக்கென்று நின்றது. ஃபுல்லுங்க என்றாள் அந்த அம்மாள். வண்டியை எடுத்ததும் முள் மெதுவாக ஏறி ஏறி உச்சியில் போய் முட்டியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கும்வரை.

காளப்பட்டிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் போன் வந்தது. ஏனுங்க, எங்க இருக்கறீங்க, புள்ளைக்கு வலி கண்டுருச்சு, பன்னீர்க்குடம் ஒடைஞ்சுபோச்சு என்றாள் சுலோச்சனா. யாரையாச்சும் ஓட்டச் சொல்லலாம்னா நம்ம வண்டிச் சாவியைக் காணமே, ஆணியில் இல்லையே என்றாள். தண்டபாணி சட்டைப்பையைத் தொட்டார். குளித்து, துணி மாற்றி, பழையதைத் தூக்கிப் போட்டு, பையில் இருந்ததை மட்டும் ஒழுங்காகப் புதுச் சட்டைக்கு மாற்றியிருந்தார். சாவிக் கொத்து அங்கேதான் இருந்தது. காலையில் பழக்கதோஷத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டது. எழவு வீட்டுக்குப் போய்வந்த சாவி. டாக்சி கூப்பிடு என்று சொல்ல வாயெடுத்தார். டாக்சிக்காரங்க ரெண்டு பேரு வர்றேன்னுட்டு வரவே இல்லீங்க, நீங்க சீக்கிரம் வாங்க என்றாள் அவள். பின்னணியில் மிருதுளாவின் குரல் கேட்டது. அது வார்த்தையாக இல்லை. தண்டபாணி வண்டியைத் திருப்பினார். எந்த வண்டியைத் தன் மகள் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று காலையிலிருந்து பொய் சொல்லி, ஊரைச் சுற்றி, கட்டணத்தையும் கண்டிஷனையும் கேட்டுக்கொண்டு நின்றாரோ, அதே வண்டியை அவளுக்காக ஓட்டிக்கொண்டு போனார். வேறு வழியில்லை. சாமி, எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ, அவளை விட்டுடு என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சாமியிடமா, இடது பக்கமா?

ஒண்டிப்புதூர் வீட்டு வாசலில் மிருதுளா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இது யார் வண்டி என்று சுலோச்சனா கேட்க, மில் வண்டி என்றார். அவருடைய ஈரத் தலையை அவள் பார்த்தாள், கேட்க நேரம் இல்லை. பையை வைக்க முன்கதவைத் திறந்தவள், இதென்னங்க காலி சீட்டுக்கு பெல்ட்டுப் போட்டு வெச்சிருக்கறீங்க என்று சொல்லிக்கொண்டே அதைக் கழற்றிவிட்டாள். அந்த ஒரு நொடி தண்டபாணி மூச்சு விடவில்லை. பையை சீட்டில் வைத்துவிட்டு, மகளைத் தாங்கிப் பின்னால் ஏறினாள். டிங் டிங் டிங் என்று அடித்தது. பை இருக்குது, அதுக்குத்தான் கத்துது என்று தண்டபாணி உரக்கச் சொன்னார், யாரும் கேட்காமலே. வழியெல்லாம் சிக்னல் திறந்திருந்தது. திருச்சி ரோட்டில் அந்த நேரத்தில் அப்படித் திறந்திருந்து அவர் பார்த்ததே இல்லை. குளத்து ஓரம் வந்தபோது அவரை அறியாமல் முள்ளைப் பார்த்தார். அப்போது பியட் நின்ற இடம். முள் உச்சியில் ஆணி அடித்ததுபோல நின்றது. தாராபுரத்திலிருந்து மளமளவென்று இறங்கிய முள், இப்போது ஒரு முடி அசையவில்லை. பின்னாலிருந்து சுலோச்சனா, மகள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நாச்சிமுத்தண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா? அவருதான ஓட்டறேன்னு சொல்லிட்டிருந்தாரு. கோவிச்சுக்கப் போறாரு." தண்டபாணிக்கு வந்தது அழுகையா, பயமா, அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. சொல்லியாச்சு என்றார். வர்றேன்னாரா என்றாள். டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. சக்கர நாற்காலி, நர்ஸ், கையெழுத்து, மாப்பிள்ளைக்குப் போன், அவர் புனேயிலிருந்து நாளைக்குத்தான் வர முடியும். முதல் மாடியில் பிரசவ அறைக் கதவு ஒரு பக்கம் திறந்தது. மிருதுளா வேர்த்து வடிந்த முகத்தோடு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும், காலேஜுக்கு பஸ் ஏறும்போதும், கல்யாணமாகிக் கிளம்பும்போதும் சொன்ன அதே தொனியில், "போயிட்டு வர்றன்ப்பா" என்றாள். நல்ல சொல். நல்ல இடத்தில், நல்ல வாயிலிருந்து வந்த சொல். அதற்குப் போயிட்டு வா கண்ணு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அனுப்பக் கூடாது. தண்டபாணி வாயைத் திறந்தார். வா என்கிற எழுத்து நாக்கில் வந்ததும் அது அவருடைய குரலாக இல்லை. சாவகாசமாக, கண்ணாடிக்குள்ளிருந்து வந்த அந்த வா. அதை எப்படி மகளிடம் சொல்வது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் வெறுமனே தலையாட்டினார். கதவு மூடிக்கொண்டது. பதில் இல்லாமல் உள்ளே போய்விட்டாள். தண்டபாணிக்குத் தன்னை ஓங்கி அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. எழவு வீட்டில் சொல்லக் கூடாததைச் சொன்னவன், இங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வழியில் வண்டியை விட்டுவிட்டீர்கள் என்று செக்யூரிட்டி மேலே வந்து கூப்பிட்டார். இறங்கிப் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பையை எப்போதோ எடுத்துவிட்டார்கள். பக்கத்து சீட்டு காலி. பெல்ட் கழன்று தொங்கியது. இனி அந்த சத்தம் அடிக்கும், அடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அடிக்கவில்லை. சற்று நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். பலகையில் சிவப்பு இல்லை. ஒரு சத்தமும் இல்லை. உள்ளே வெக்கை. இத்தனை நேரம் இல்லாத வெக்கை, நெற்றியில் வேர்த்துக்கொண்டு வந்தது. பை வைத்து எடுத்ததில் சீட்டுக்கடியில் இருக்கிற கருவி சரியாகியிருக்கும் என்று மில் மேனேஜர் தண்டபாணி நினைத்தார். நினைத்து முடிக்கும் முன்பே வேறொன்று புரிந்தது. ஏறியவர் இறங்கிவிட்டார். இங்கே இறங்கிவிட்டார், இந்த ஆஸ்பத்திரியில். இத்தனை தூரம் வந்தது இங்கே இறங்குவதற்காகத்தான். எதற்கு? கொண்டுவந்து விடவா, கூட்டிக்கொண்டு போகவா? போன் அடித்தது. ஃபெலிக்ஸ். சார், நேரம் ஆயிருச்சு, வண்டி எங்க இருக்கு, டேங்க் எப்படி இருக்கு என்றார். தண்டபாணி முள்ளைப் பார்த்தார். காலையில் எடுத்தபோது எங்கே நின்றதோ அங்கேயே, கொஞ்சமும் குறையாமல் நின்றது. ஃபுல்லா இருக்குதுங்க என்றார். அப்படியா, சரி, அப்ப வந்துர்றீங்களா என்றார் ஃபெலிக்ஸ். வர்றேன் என்று சொல்லத்தான் வேண்டும். அவர் போனை சீட்டில் போட்டார். எஞ்சினை அணைக்காமல் வண்டியை நட்ட நடு வழியில் விட்டுவிட்டு இறங்கி, செக்யூரிட்டி கூப்பிடக் கூப்பிட, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

மூடின கதவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். யார் குரலாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். "வா" என்றார். "வா கண்ணு. வா." வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுலோச்சனா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள். அவருடைய ஈரத் தலையை, ஒரே ஒரு காலில் தாராபுரத்துச் செம்மண் ஒட்டியிருந்த செருப்பை, அழுது சிவந்த கண்ணை இப்போதுதான் சாவகாசமாகப் பார்த்தாள்.

"யாரைங்க கூப்புடறீங்க?" என்றாள்.

"வர்றேன்னு சொன்னவங்களத்தான்."

அவள் அவர் தோளிலிருந்து கையை எடுக்காமல், நாச்சிமுத்தண்ணன் ஏறி வருகிறாரா என்று மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.